கிளப் ஸ்டோர் காரட்

நர்ஸ் பழனாத்தாள் கேட்டபடி, வகைக்கு ஒன்றாக டின்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார் சூசையப்பன். எஸ்டேட் கிளப்பின் ஸ்டோர் சாவி அவரிடந்தான் இருந்தது. பட்டாணி, பீன்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பசலைக்கீரை, காரட். ஒவ்வொரு டின்னிலும் அதனதன் படம் ஒட்டியிருந்தது. மழை ஈரத்தில் சில படங்கள் பாதி உரிந்து தொங்கின.

"என்ன நர்சம்மா, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குதிய?"

"பொண்ணுன்னா முகத்தப் பாத்தாப் போச்சுங்க. இதுல உள்ளார என்ன சத்து இருக்குதுன்னு பாக்கோணுமில்லீங்க?"

"சத்தா! வெள்ளைக்காரன் பச்சைக் காயையும் டப்பாவுல போட்டுப் பூட்டித்தான் தின்பான். பூட்டுனதுக்குள்ள சத்து எங்க கிடக்கு?"

"எல்லாத்துலயும் ஒண்ணுபோல இருக்காதுங்க. அதைத்தான் பாக்கறேன்."

சிரிப்பு அவள் முகத்தில் தங்கவில்லை. அந்த ஆடியில் பீர்மேட்டு மலையில் உருள் பொட்டி, மண் சரிந்து, குமுளிக்குப் போகிற ரோடு இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. கோட்டயத்துக்கு இறங்கும் வழியிலும் மண் மூடியிருந்தது. கம்பம் சந்தையிலிருந்து ஏறிவரும் காய்கறி லாரி நின்றுபோயிற்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் கஞ்சியும் உப்பும் வற்றலுந்தான். தேயிலைக்கு நடுவே முளைத்த கீரையைக் கிள்ளலாமென்றால், கொப்புளநோய்க்கு மருந்து அடித்திருந்தார்கள். கடைசியில் மானேஜர், கிளப் ஸ்டோரில் இருக்கும் டின்களை லயத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

எல்லோருக்கும் அது வயிற்றுப்பாடு. பழனாத்தாளுக்கு மட்டும் அது ஒரு குழந்தையின் கண். மேல் லயத்து முத்துப்பேச்சியின் மகள் இசக்கிக்கு மூன்று வயது. தட்டம்மை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பின் முத்து வாடியது, காய்ச்சல் விட்டது, கண் மட்டும் தேறவில்லை. பொழுது சாய்ந்தால் குழந்தை நிலைப்படியில் முட்டிக்கொண்டது. நீட்டிய தம்ளரைக் காற்றில் துழாவித் தேடியது. பகலில் பார்த்தால் விழியின் வெள்ளை, ஈரம் வற்றி மங்கிக் கிடந்தது. அம்மைக்குப் பின் இப்படித் தொடங்கி இரண்டு கண்ணும் வெந்துபோன பிள்ளைகளைப் பயிற்சிக் காலத்தில் பழனாத்தாள் பார்த்திருக்கிறாள். பார்த்ததை மறக்கவில்லை.

டிஸ்பென்சரியில் மீனெண்ணெய் ஒரு குப்பி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனபோது, வேப்பிலை செருகிய வாசலுக்கு உள்ளேயிருந்தே முத்துப்பேச்சி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேண்டாம் நர்சம்மா. அம்மா இருக்க வீட்டுக்குள்ள கவுச்சியக் கொண்டுவாரியளே! உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டியில் தென்னந்தோப்பு நடுவே பிறந்து வளர்ந்தவள் பழனாத்தாள். அங்கேயும் மாரியாத்தா வந்த வீட்டுக்குள் மீன் வாடை நுழையாது. அவள் குப்பியை மடியில் மறைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். அதனால்தான் இப்போது டின்களின் முன்னால் நிற்கிறாள்.

"பட்டாணி நல்லதுங்க. பருப்புக்குச் சமானம். வளர்ற பிள்ளைக்கு உடம்பு வெக்கும், கண்ணுக்குப் பெருசா ஒண்ணுமில்ல" என்று அந்த டின்னை ஒதுக்கினாள். "பீட்ரூட் நிறத்துக்கு மேல ஒண்ணும் பண்ணாது. உருளைக்கெழங்கு வயித்த ரொப்பும். பீன்ஸ் பரவாயில்ல, கொஞ்சம்."

"கீரை? கண்ணுக்குக் கீரைதானே சொல்லுவாக?"

"கீரைதானுங்க மொதல்ல. ஆனா இதப் பாருங்க." பசலைக்கீரை டின்னின் மூடியை விரலால் அழுத்தினாள். மூடி உப்பியிருந்தது. அழுத்திய இடம் டொக்கென்று உள்ளே போய் மறுபடி எழும்பியது. "கெட்டுப்போச்சு. மாட்டுக்குக்கூட வெக்காதீங்க. குழி தோண்டிப் புதைச்சுருங்க."

மிஞ்சியது காரட். டின்னில் அடைக்கும் சூட்டில் சில சத்துகள் போய்விடும், சில அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். கண்ணுக்கான சத்து சூட்டிலும் போகாது, தண்ணீரிலும் கரையாது என்று அவளுக்குப் பாடம் சொல்லியிருந்தார்கள். டிஸ்பென்சரிச் சுவரில் தொங்கிய உணவு அட்டையிலும் அந்தச் சத்துக்கான வரிசையில் கீரைக்கு அடுத்து காரட்டே நின்றது. அதோடு, அதில் கவுச்சி இல்லை. மெத்தென்று இருக்கும். அம்மைக்காரப் பிள்ளைக்குத் தொண்டையில் இறங்கும். முத்துப்பேச்சியின் வாசலில் மறிப்பதற்கு அதில் எதுவும் இல்லை என்று பழனாத்தாளுக்குத் தோன்றியது. அன்றைக்கு முதல்முறையாக மூச்சு தாராளமாக வந்தது.

ஆனால் லயத்துக்கு வரும் பொதுச் சரக்கை யாரும் கேட்டு வாங்கிவிட முடியாது. கூறு போடுவார்கள். கோயில் கொடைக்கு வெட்டும் கிடாயானாலும் சரி, ஏலக்காட்டில் அடித்த பன்றியானாலும் சரி, கூறுகூறாக வைத்து, ஒருவர் முதுகு காட்டி நிற்க, இன்னொருவர் ஒரு கூற்றைத் தொட்டு 'இது யாருக்கு?' என்று கேட்பார். முதுகு காட்டியவர் ஒரு பெயர் சொல்வார். சொன்னது சொன்னதுதான். மறுபேச்சு கிடையாது.

அன்று முதுகு காட்டி நின்றது பெரியமுத்து, முத்துப்பேச்சியின் புருஷன். சாக்குமேல் டின்கள் கூறுகூறாக இருந்தன. சூசையப்பன் காரட் கூற்றைத் தொட்டு "இது யாருக்கு?" என்றார்.

"வெள்ளத்தாய் வீட்டுக்கு."

உருளைக்கிழங்குக் கூற்றைத் தொட்டார். "இது?"

"எனக்கு" என்றான் பெரியமுத்து. திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் விழுந்துபோயிற்று. ஆனாலும் குனிந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான்.

பழனாத்தாள் கூட்டத்துக்குள் வந்தாள். "ஏனுங்க, ஒரு பேச்சு. காரட் வந்தவங்கெல்லாம் அதை இசக்கிக்குக் குடுத்துப்போட்டு, மாத்தி வேற வாங்கிக்கோங்க."

வெள்ளத்தாய் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "நல்லாருக்கே! கூறு போட்ட பொறவு கை வைக்கது எந்த ஊரு நியாயம்? உங்க பாலக்காட்டு நியாயமா?"

"நியாயமில்லீங்கக்கா. கெஞ்சறேன்."

"நல்லதப் பூரா அங்க குடுத்துட்டு, கழிசடைய எங்க தலையில கட்டுவிய. சத்துள்ளத நாங்க திங்கக்கூடாதோ?"

"கழிசடை இல்லீங்க. சாமி மேல சத்தியமாச் சொல்றேன், உங்க ஊட்டுல வளர்ற பையன் ரெண்டு பேரு. அவனுகளுக்குக் காரட்டவிடப் பட்டாணிதான் மேலு. சதை புடிக்கும். கண்ணு காயற பிள்ளைக்குத்தான் காரட்டு. ஆளுக்குத் தக்க சத்துங்க. எல்லாருக்கும் ஒண்ணே மேலுன்னு கெடையாது."

வெள்ளத்தாய் கூறு போட்டது போகச் சாக்கில் மிஞ்சிக் கிடந்த பட்டாணியைப் பார்த்தாள், பெரியமுத்துவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு காரட்டுக்கு ரெண்டு பட்டாணி" என்றாள்.

"எடுத்துக்கோங்க."

"புள்ளைக்குக் கண்ணு தெரியலன்னா வாயத் தொறந்து சொல்லுததுக்கு என்ன மூதி?" என்று பெரியமுத்துவின்மேல் பாய்ந்துவிட்டு டின்னை அவன் கையில் திணித்தாள். மற்றவர்களும் ஒவ்வொன்றாக வைத்தார்கள்.

வேப்பிலை வாசலில் பழனாத்தாள் டின்களை இறக்கி வைத்தாள். "இங்க பாரு கண்ணு, இதுல கவுச்சி இல்ல, ஒண்ணுமில்ல. மண்ணுல வெளைஞ்சது. டின்னுல இருக்கற தண்ணியக் கீழ ஊத்திப்போடு, நல்லாக் கழுவு. வேகவெச்சு மசிச்சு, ரெண்டு வேளையும் ஊட்டு."

"இதுல கண்ணு தெரியுமா நர்சம்மா?"

"தெரியோணும்."

முத்துப்பேச்சி டின்னை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதன்பின் பழனாத்தாள் தினமும் அந்த வாசலில் போய் நின்றாள். குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது என்றுதான் பதில் வந்தது. உதட்டோரம் காரட் நிறம்கூட இருந்தது. ஆனால் பொழுது சாயும்போது அதே துழாவல். ஒரு நாள் காலையில் வலது கண்ணின் கருவிழி ஓரத்தில், தயிர்த் துளி விழுந்ததுபோல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது.

பழனாத்தாள் டிஸ்பென்சரிக்கு வந்து அட்டையை மறுபடி படித்தாள். காரட் காரட்டாகவே இருந்தது. டின் பழசோ? மூடி உப்பவில்லையே. நல்ல வாசனைதானே வந்தது? கீரை டின்னில் ஒன்றாவது தேறியிருக்குமோ என்று ஸ்டோருக்கு ஓடினாள். புதைத்தாயிற்று என்றார் சூசையப்பன்.

"ஊர்க் காரட்டு பூராத்தையும் வாங்கி அங்க கொட்டுனியளே, என்னாச்சு?" என்று வழியில் வெள்ளத்தாய் கேட்டாள். குத்தலாகத்தான் கேட்டாள். நர்ஸின் முகத்தைப் பார்த்ததும் அவளே பின்வாங்கி, "மழையில குடையில்லாம போறியளே" என்று முடித்துக்கொண்டாள்.

பழனாத்தாள் நேரே மேல் லயத்துக்குப் போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த வீட்டிலிருந்து சமையலின் வாசனை ஒன்றும் வரவில்லை. வேப்பிலையும் விபூதியுந்தான் மணத்தன. வாசலில் நின்றபடி அவள் கேட்டாள்:

"காரட்ட எப்படிச் செய்யற கண்ணு? சொல்லு."

"நீங்க சொன்ன மாதிரித்தான். கழுவி, தண்ணியில வேகவச்சு, மசிச்சு."

"கஞ்சியிலயா?"

"ஆமா, கஞ்சியில."

"எண்ணெய்?"

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். "எண்ணெயா? அம்மா இருக்கையில எண்ணெய்ச் சட்டிய அடுப்புல ஏத்துவாகளா? தலைக்குத் தண்ணி விடாம? உங்க ஊர்ல ஏத்துவியளா?"

ஏற்ற மாட்டார்கள். பெருமாட்டி வீட்டில் தங்கைக்கு அம்மை வந்தபோது, கடுகு டப்பாவையே துணியில் கட்டிப் பரண்மேல் போட்டாள் அவள் அம்மா. தலைக்கு மூன்று தண்ணீர் விட்டு முடியும்வரை வீட்டில் ஒரு சொட்டு எண்ணெய் புழங்கவில்லை. பழனாத்தாளுக்கு அது தெரியும். கண்ணுக்கான சத்து எண்ணெயோடு, கொழுப்போடு போனால்தான் உடம்பில் ஒட்டும், இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடும் என்று பாடத்தில் படித்ததும் தெரியும். இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்திருந்தவள்போல, ஒன்றை நினைத்தபோது மற்றதை நினைக்கவில்லை. கவுச்சி உண்டா என்று பார்த்தாள், நிறம் பார்த்தாள், மூடியை அழுத்திப் பார்த்தாள். எந்தச் சட்டியில் வேகப்போகிறது என்று பார்க்கவில்லை.

"முத்துப்பேச்சி, ஒரு சொட்டு எண்ணெய் சேரோணும். தாளிக்க வேணாம். காயவெக்க வேணாம். பச்சையா, மேல விட்டாப் போதும்."

"வேண்டாம்."

"கண்ணுக்காவச் சொல்றேன்."

"எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், தெரியுமா நர்சம்மா? நீங்க இங்க வாரதுக்கு முந்தி." அவள் குரல் உயரவில்லை. "அவனுக்கும் அம்மைதான். தேறி எந்திரிச்சு உக்காந்தான். அன்னைக்குப் பக்கத்து வீட்டுல கடுகு தாளிச்சாக. புகை செவரு இடுக்கு வழியா உள்ள வந்துச்சு. நான் வாசல அடைச்சேன், சாக்கப் போட்டு மூடுனேன். விடியும்போது பிள்ள இல்ல. எண்ணெய்னு வாயால சொல்லாதிய. கும்பிடுதேன்."

அம்மைக்குப் பின் மார்ச்சளி கட்டி இறந்த பிள்ளைகள் பலர் என்று பழனாத்தாளுக்குத் தெரியும். அதை அந்த வாசலில் நின்று சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை.

குழந்தை கண்ணை மூடியபடி பாயில் உட்கார்ந்திருந்தது. முத்துப்பேச்சி அதன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "எண்ணெய்தான் வேணுமா? அந்தச் சத்து வேற எதுலயும் இல்லையா?"

"பால்ல இருக்குது. ஆனா இங்க குடுக்கறது கொழுப்பெடுத்த பால்பொடி, அதுல இல்ல. நெய்யில இருக்குது."

"நெய்யும் ஆகாது. வேற?"

"நெலக்கடலை. தேங்கா."

"தேங்காயா?" அவள் கை நின்றது. "பச்சைத் தேங்காயிலயா?"

"ஆமா."

"அம்மாளுக்கு உடைக்கது தேங்காதான நர்சம்மா? அவ சன்னதியில உடைச்சத் துருவி, கொதிக்கவிடாம, அப்படியே பிசைஞ்சு குடுத்தா... அது எண்ணெயில சேருமா?"

பழனாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சேராது கண்ணு. அது பிரசாதம்."

மலைமேல் தென்னை கிடையாது. தேங்காய் கீழேயிருந்துதான் வரும், அதற்கும் ரோடு வேண்டும். பழனாத்தாள் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனாள். வெள்ளத்தாய் வீட்டுச் சாமி மாடத்தில் மஞ்சள் துணியில் முடிந்த தேங்காய் ஒன்று இருந்தது, மகளின் பிரசவத்துக்கு நேர்ந்துகொண்டது.

"அது அம்மாளுக்கு முடிஞ்சது. ஒங்களுக்குத் தரமாட்டேன்" என்றாள் வெள்ளத்தாய்.

"சரிங்கக்கா."

"எங்க ஓடுதிய? நில்லுங்க. நானே கோயில்ல உடைக்கேன். உடைச்ச மூடிய எவ தூக்கிட்டுப் போனா எனக்கென்ன?"

விஷயம் கேட்டுச் சூசையப்பன், கிளப் சமையல்கட்டில் கிடந்த இரண்டு தேங்காயோடு வந்தார். "மாரியம்மன் கோயில்ல உடைச்சா எங்க மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. ரெண்டு பேருமே பிள்ளக்காரிதான்."

அன்றிலிருந்து காரட்டில் தேங்காய் சேர்ந்தது. டின்னும் குறைந்துகொண்டே வந்தது. இடது கண்ணில் மெல்ல ஈரம் தட்டியது. ஒரு மாலை, குழந்தை அடுப்பு வெளிச்சத்தைப் பார்த்துக் கையை நீட்டி "அந்தா" என்றது. முத்துப்பேச்சி அடுப்பை மறைத்து நின்று, பின் விலகி நின்று, திரும்பத் திரும்பக் கேட்டாள். "எங்கட்டி? காட்டு. எங்க?" குழந்தை ஒவ்வொரு முறையும் சரியாகவே காட்டியது. ஆனால் வலது கண்ணின் வெள்ளை பரவிவிட்டிருந்தது. அதைத் தேங்காயும் தடுக்கவில்லை.

ரோடு திறந்த அன்றே எஸ்டேட் ஜீப்பில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் டாக்டர் சத்து ஊசி போட்டார், வலது கண்ணில் கட்டுப் போட்டார். இடது கண் நிற்கும் என்றார். மற்றதைப் பற்றி முத்துப்பேச்சி கேட்டபோது, இனி அதில் பார்வை வராது என்றார். சில நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

திரும்பும்போது அரசு பஸ். வளைவுகளில் அது முனகி முனகி ஏறியது. குழந்தை முத்துப்பேச்சியின் மடியில் தூங்கிற்று.

"அம்மா ஒண்ணு கேட்டா, நர்சம்மா" என்றாள் முத்துப்பேச்சி, ஜன்னலைப் பார்த்தபடி. "குடுத்தாச்சு. மத்தத விட்டுட்டா. அவ விட்டதே பெருசு."

அந்தச் சொல் இருவருக்குமே நிழலாக இருந்தது. அதற்குள் ஒதுங்கிக்கொண்டால் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. ஆனால் காலையில் ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க வந்த சூசையப்பன், கீழ் லயத்தில் தாயம்மாள் மகனுக்கும் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தார். அங்கேயும் வேப்பிலை கட்டியிருப்பார்கள். அங்கேயும் சட்டி காயாது.

"அம்மா கேக்கலெ, கண்ணு" என்றாள் பழனாத்தாள்.

முத்துப்பேச்சி திரும்பினாள்.

"எண்ணெய் புழங்காத ஊடுன்னு எனக்குத் தெரியும். வெறும் காரட்டு பத்தாதுன்னும் தெரியும். டின்னக் குடுக்கறப்ப, எப்படிச் செய்வேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். கேக்கலெ."

பஸ் ஒரு வளைவு திரும்பியது. இன்னொன்று திரும்பியது.

"அன்னைக்கே தேங்கா போட்டிருந்தா?"

"தெரியாது. ரெண்டும் நின்னிருக்கலாம். நிக்கறதுக்கு வழி இருந்துது."

முத்துப்பேச்சி குழந்தையை மடியில் மறுபக்கமாக, பழனாத்தாளிடமிருந்து விலக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதன்பின் எஸ்டேட் வரும்வரை இருவருக்கும் நடுவில் அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

இறங்கியபோது தூறல். மேல் லயத்துக்கு ஏறும் படிப் பக்கம் பழனாத்தாள் ஒதுங்கி வழிவிட்டாள். முத்துப்பேச்சி படியேறவில்லை. குழந்தையைத் தோளில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டு, கீழ்ப்பாதையில் திரும்பினாள்.

"எங்க போற?"

"தாயம்மா வீட்டுக்கு."

"இரு, நானும் வரேன்."

"நீங்க வரவேண்டாம்." சொல்லிவிட்டு இரண்டடி நடந்தவள், திரும்பாமலே நின்றாள். "நீங்க வந்தா மருந்துன்னு நினைச்சு வாசல அடைப்பா. அம்மா வந்த வீட்டுக்காரி நான். எம் பிள்ளையக் காட்டித் தேங்கா சேக்கச் சொன்னாக் கேப்பா."

தூறலில் அவள் இறங்கிப்போனாள். விழித்துக்கொண்ட குழந்தை, தாயின் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கி, கட்டில்லாத கண்ணால் பழனாத்தாளைப் பார்த்துக்கொண்டே போயிற்று.